ஆயிரம் பவுண்டு ஆல்பம்

1967 ஜூன். லண்டன் ஆபி ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குள் ஐந்து இளைஞர்கள் போகிறார்கள். சி.பி.எஸ். நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது ஆயிரம் பவுண்டு. அதற்குள் ஒரு முழு ஆல்பம் முடிந்தாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் பீட்டில்ஸ் அதே கட்டடத்தில் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வேலையை முடித்திருந்தார்கள். அவர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. இந்த ஐவரின் தி ஸாம்பீஸ் குழுவுக்கு மணிக்கணக்குதான்.

அப்படிப் பதிவான ‘ஒடிசி அண்ட் ஆரக்கிள்’ ஆல்பத்தில் அவசரத்தின் சுவடே கிடையாது. பன்னிரண்டு பாட்டு, ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். எந்த இடத்திலும் யாரும் ஓடவில்லை. நேரமே இல்லாதவர்கள் இவ்வளவு நிதானமாக எப்படிப் பாடினார்கள் என்ற வியப்பில்தான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

*

என்னைப் பிடித்து உட்காரவைத்தது முதல் பாட்டின் பேஸ் கிட்டார். ‘கேர் ஆஃப் செல் 44’. பியானோ துள்ளலாகத் தொடங்குகிறது. காலின் பிளன்ஸ்டோன் பாட வருகிறார். கேட்பவர்கள் எல்லோரும் அந்தக் குரலின் பின்னால்தான் போவார்கள், நானும் போனேன். பிறகு ஒரு நாள் குரலை விட்டுவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று கவனித்தேன். கிறிஸ் ஒயிட்டின் பேஸ் தாளத்துக்குக் காவல் நிற்கவில்லை, தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. குரல் ஏறும்போது அது இறங்குகிறது. குரல் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அது நாலு சுரம் நடந்து போய் அடுத்த அடியைத் திறந்துவைக்கிறது. அதைக் கேட்ட பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்கவே முடியவில்லை.

பாட்டின் விஷயம் இன்னும் விசேஷம். சிறையில் இருக்கும் காதலிக்குக் காதலன் எழுதும் கடிதம் அது. விடுதலை நாள் நெருங்குகிறது. அவள் என்ன குற்றம் செய்தாள், எத்தனை வருஷம் உள்ளே இருந்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் வரப்போகிறாள், அந்த ஒரு சந்தோஷம் போதும் அவனுக்கு. அவ்வளவு வெளிச்சமான மெட்டுக்குள் ஒரு சிறை அறையை வைக்கப் பாட்டை எழுதிய ராட் ஆர்ஜென்ட்டுக்கு எப்படித் தோன்றியதோ! நடுவில் வாத்தியங்கள் எல்லாம் விலகிக் குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக எழும் பகுதி ஒன்று உண்டு. அங்கே பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஞாபகம் வராமல் இருக்காது. அது வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் நிறையப் பேர். இவர்களைப் போல உள்வாங்கியவர்கள் குறைவு.

*

இவர்களின் ஊர் முக்கியம். செயின்ட் ஆல்பன்ஸ், லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில். ரோமானியர் காலத்து நகரம், பழம்பெரும் தேவாலயம். ராட் ஆர்ஜென்ட் சிறுவனாக அந்தத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஐந்து பேருமே அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். 1964இல் ஒரு போட்டியில் ஜெயித்து, டெக்கா இசைத்தட்டு கம்பெனியில் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் பாட்டான ‘ஷி இஸ் நாட் தேர்’ அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. அப்போது அவர்கள் பள்ளிப் படிப்பை முடித்திருந்த வயது. அதற்குப் பிறகு சிங்கிள் மேல் சிங்கிளாக விட்டும், 1965இல் அமெரிக்காவில் ஆறாம் இடம் பிடித்த ‘டெல் ஹெர் நோ’ ஒன்றைத் தவிர, பெரிதாக எதுவும் ஓடவில்லை.

கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவன் சேர்ந்திசை எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும். அக்காலத்து ராக் குழுக்களில் பின்னணிக் குரல் என்றால் முன்னே பாடுபவனைத் தூக்கிக் கொடுப்பதற்கு. இங்கே ஒவ்வொரு குரலுக்கும் தனி வழி இருக்கிறது. ‘சேஞ்சஸ்’ பாட்டில் குரல்கள் கூடி நிற்பதைக் கேட்டால் கல் மண்டபத்தின் உயரமே காதுக்குத் தெரிகிறது.

*

அவசரம் தெரியாததற்குக் காரணம் எளிமையானது. ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன்பே பாட்டுகளை ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்துத் தேய்த்துவைத்திருந்தார்கள். யார் எங்கே நுழைவது, எந்தக் குரல் எங்கே பிரிவது எல்லாம் முன்னமே முடிவானது. உள்ளே போய் யோசிக்கக் காசு இல்லை. போனதும் வாசித்தார்கள், பாடினார்கள், சில ‘டேக்’கிலேயே முடித்தார்கள். மிச்சமான நேரத்தில்தான் மேலே மேலே குரல் சேர்த்தார்கள்.

தயாரிப்பாளரும் அவர்களே. முந்தைய சிங்கிள்கள் தாங்கள் மனதில் கேட்ட மாதிரி வெளிவரவில்லை என்ற குறை ஆர்ஜென்ட்டுக்கும் ஒயிட்டுக்கும் இருந்தது. ஒரு தடவையாவது எங்கள் பாட்டை நாங்களே செய்து பார்க்கிறோம் என்று கேட்டு வாங்கிய வாய்ப்பு இது. பொறியாளர்களாக வாய்த்தவர்கள் ஜெஃப் எமெரிக், பீட்டர் வின்ஸ். எமெரிக், ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஒலிப்பதிவைச் செய்த அதே கை.

பணக்கஷ்டம் நல்ல கலைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இன்னும் ஆயிரம் பவுண்டு கிடைத்திருந்தால் இவர்கள் இன்னும் நன்றாகவே செய்திருப்பார்கள். நல்லது செய்தது ஒத்திகை.

*

மெல்லோட்ரான் பற்றி. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், அதில் ஏற்கெனவே பதிந்த வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ ஒலிக்கும். ஏறக்குறைய எட்டு விநாடி. அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும், நாடா பின்னால் போய் மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். ஆகவே அதில் வாசிப்பவன் நீட்டி முழக்க முடியாது.

வயலின்காரர்களைக் கூலிக்கு அமர்த்த இவர்களிடம் பணம் இல்லை. ஸ்டூடியோவில் ஒரு மெல்லோட்ரான் கிடந்தது. அது ஜான் லெனன் விட்டுப் போனது என்று ஆர்ஜென்ட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடைத்ததை எடுத்து வாசித்தார். ‘ஹங் அப் ஆன் எ ட்ரீம்’ பாட்டில் அதன் தந்தி ஒலி ஒரு நூலிழை பிசகினாற்போல், சுருதி லேசாக நடுங்கிக்கொண்டு வரும். நிஜமான வயலின் கூட்டம் வாசித்திருந்தால் அந்த நடுக்கம் இருந்திருக்காது. கனவைப் பற்றிய பாட்டுக்கு அந்த நடுக்கம்தான் உயிர்.

*

‘எ ரோஸ் ஃபார் எமிலி.’ பியானோவும் குரல்களும் மட்டும். தலைப்பு வில்லியம் ஃபாக்னர் 1930இல் எழுதிய சிறுகதையின் தலைப்பு. கதையைப் படித்தவர்களுக்கு அதன் முடிவு தெரியும், பூட்டிய அறை, கட்டில், அதில் கிடப்பது. பாட்டு அந்தப் பக்கமே போகவில்லை. வாழ்நாள் முழுக்கக் காதல் வராமல் போன ஒரு பெண், அவள் தோட்டத்து ரோஜாக்களை மற்றவர்கள் பறித்துத் தங்கள் காதலிகளுக்குக் கொண்டுபோவது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. ஃபாக்னரின் பயங்கரத்தைத் தொட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் அது வெறும் அதிர்ச்சியாகப் போயிருக்கும். எதை விட வேண்டும் என்று தெரிந்து விட்டிருக்கிறார் ஆர்ஜென்ட். அப்போது அவருக்கு வயது 22.

*

‘பீச்வுட் பார்க்.’ கிறிஸ் ஒயிட் வளர்ந்த மார்க்கியேட் ஊர்ப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும். கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு பொழுதை நினைத்துப் பார்க்கும் பாட்டு. பால் அட்கின்சனின் கிட்டார் சத்தம் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலச் சுழல்கிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இரண்டரை நிமிடம் இதுவாக இருக்கலாம். மழை நாளில் கேட்கக் கூடாது. நல்ல வெயிலில் கேட்க வேண்டும்.

*

இனி ‘புட்சர்ஸ் டேல்’. முழுத் தலைப்பில் ‘வெஸ்டர்ன் ஃப்ரன்ட் 1914’ என்றும் இருக்கிறது. முதல் தடவை கேட்கிறவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரோஜா, கோடை, காதல் என்று போய்க்கொண்டிருக்கும் ஆல்பத்தில் திடீரென்று ஒரு காலால் மிதிக்கும் ஆர்கன் மூச்சுத் திணறுகிறது. பாடுவது பிளன்ஸ்டோன் இல்லை. எழுதிய கிறிஸ் ஒயிட்டே பாடுகிறார். மெல்லிய, பழக்கப்படாத, நடுங்குகிற குரல்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் இருக்கும் ஒரு கசாப்புக் கடைக்காரன் பேசுகிறான். சாகிறவர்களைப் பார்த்தபின் கை நடுக்கம் நிற்கவில்லை. ஊரில் பிரசங்க மேடையில் நின்று போரை ஆதரித்த போதகரை இங்கே வந்து பார்க்கச் சொல்கிறான். அவன் சொல்லும் ஊர்ப் பெயர்கள் கோம்கூர், தியேப்வால், மாமெட்ஸ் காடு, வெர்துன். இவை 1916இன் போர்க்களங்கள். முதல் மூன்றும் சோம் போரில் பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பறிகொடுத்த இடங்கள். சோம் தாக்குதலின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,000க்கும் மேல் செத்தார்கள். தலைப்பில் 1914 என்று இருப்பது எனக்கு உறுத்துவதில்லை. போருக்கு ஆள் திரட்டிய வருஷம் 1914, அதற்கு விலை கொடுத்த வருஷம் 1916. இரண்டும் ஒரே மனிதனின் தலைக்குள் கலந்துகிடக்கின்றன என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல குரல்வளம் உள்ள பிளன்ஸ்டோனிடம் இதைக் கொடுத்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும். அவர் குரலில் துன்பம்கூட அழகாகிவிடும். இங்கே அழகு வரக் கூடாது. அமெரிக்காவில் ஆல்பம் வந்தபோது அங்குள்ள கம்பெனி இந்தப் பாட்டைத்தான் சிங்கிளாக வெளியிட்டது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1968. போகவில்லை. வானொலியில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாங்குகிற பாட்டா இது! ஆனால் இந்த ஆல்பத்தை வெறும் இனிப்பு என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

*

அட்டைப்படம் டெர்ரி குவர்க் வரைந்தது. கிறிஸ் ஒயிட்டோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர். பூவும் வளைவும் நிறமுமாகக் கண்ணைப் பறிக்கும் படம். ஆங்கிலத்தில் ‘ஒடிசி’யின் எழுத்து அதில் தப்பாக விழுந்துவிட்டது. கவனித்தபோது திருத்த நேரம் இல்லை. அப்படியே அச்சானது, அதுவே பெயராக நின்றது.

*

ஆயிரம் பவுண்டும் தீர்ந்தது. மோனோ கலவை தயார். கம்பெனி ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. அதற்குப் பணம்? ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் பாட்டெழுதிய வருமானத்திலிருந்து 200 பவுண்டு போட்டார்கள்.

இங்கேதான் குழுவின் விரிசலும் இருக்கிறது. பாட்டு எழுதிய இருவருக்கும் உரிமைத்தொகை வந்துகொண்டிருந்தது. பிளன்ஸ்டோன், அட்கின்சன், டிரம்ஸ் வாசித்த ஹியூ கிரண்டி மூவருக்கும் கச்சேரிப் பணம்தான் கதி, கச்சேரிகளோ குறைந்துகொண்டே வந்தன. அட்கின்சனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாசச் சம்பளம் இல்லாமல் எத்தனை நாள்? யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. சிங்கிளாக விட்ட ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்’ போகவில்லை, ‘கேர் ஆஃப் செல் 44’ம் போகவில்லை. 1967 டிசம்பரில் கலைந்தார்கள். ஆல்பம் கடைக்கு வந்தது 1968 ஏப்ரலில். அப்போது அப்படி ஒரு குழுவே இல்லை.

பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குரல், லண்டனில் ஒரு மேசையில் உட்கார்ந்து போன் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

*

‘டைம் ஆஃப் தி சீசன்’ கடைசியாக வந்த பாட்டுகளில் ஒன்று. அன்று காலையில் எழுதி முடித்து அன்றே பாடச் சொன்னார்கள் என்கிறார் பிளன்ஸ்டோன். மற்றப் பாட்டுகளுக்குக் கிடைத்த ஒத்திகை இதற்குக் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஆர்ஜென்ட் இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்று திருத்திக்கொண்டே இருக்க, இவருக்குப் பொறுமை போய்விட்டது. உனக்கு அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்று கத்தியிருக்கிறார். நீதான் பாடகன், அங்கேயே நின்று ஒழுங்காகப் பாடு என்று ஆர்ஜென்ட்டும் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பாடினார்.

காதல் பருவம் என்று சொல்லும் பாட்டை இருவரும் சண்டை போட்டுக்கொண்டு பதிவு செய்தார்கள். கேளுங்கள், குரலில் ஒரு துளிச் சிடுசிடுப்பு இருக்கிறதா? பேஸில் அந்த நாலைந்து சுரம், ஒரு கைத்தட்டல், உடனே ஒரு பெருமூச்சு. மறுபடி அதே. அந்த மூச்சை ஒரு தாள வாத்தியமாக்கியது பெரிய விஷயம். மைனரில் ஊர்ந்துகொண்டிருந்த பாட்டு, கோரஸில் மூன்று குரலும் சேர்ந்து முடிக்கும் இடத்தில் மேஜருக்குள் போய் உட்காரும், இருட்டு அறையில் யாரோ சன்னலைத் திறந்த மாதிரி. பிறகு ஹாமண்ட் ஆர்கனில் ஆர்ஜென்ட் ஒரு ஆலாபனையே செய்கிறார்.

*

இந்தப் பாட்டு பிழைத்தது ஒரு தனி மனிதரால். அல் கூப்பர், பாப் டிலனோடு ஆர்கன் வாசித்தவர், அப்போது அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் தயாரிப்பாளர். லண்டன் போயிருந்தபோது வாங்கிவந்த தட்டுகளில் இதுவும் ஒன்று. கேட்டுவிட்டு நேரே தலைமை நிர்வாகி கிளைவ் டேவிஸிடம் போனார். இதன் உரிமை யாரிடம் இருந்தாலும் வாங்கியாக வேண்டும் என்றார். உரிமை ஏற்கெனவே அவர்கள் கம்பெனியிடமே இருந்தது! வெளியிடும் எண்ணம்தான் இல்லை. கூப்பர் விடவில்லை.

ஆல்பம் டேட் என்ற துணை லேபிளில் வந்தது. 1969 தொடக்கத்தில் ‘டைம் ஆஃப் தி சீசன்’ அமெரிக்காவில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. பதிவு செய்து ஒன்றரை வருஷம், குழு கலைந்து ஒரு வருஷத்துக்கு மேல். மறுபடி சேருங்கள் என்று பெரிய தொகைகளோடு ஆட்கள் வந்தார்கள். சேரவில்லை. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் புதுக் குழு வேலையில் இறங்கியிருந்தார்கள். அசல் குழு வராவிட்டால் என்ன என்று சில ஏற்பாட்டாளர்கள் போலி ஸாம்பீஸ் குழுக்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அப்படி ஒரு போலிக் குழுவில் வாசித்த டஸ்டி ஹில்லும் ஃப்ராங்க் பியர்டும் பின்னாளில் ஸீஸீ டாப் என்று தங்கள் சொந்தப் பெயரிலேயே உலகப் புகழ் பெற்றார்கள்.

அசல் ஐவருக்கு அந்த வெற்றியில் ஒரு மேடை, ஒரு கைத்தட்டல்கூடக் கிடைக்கவில்லை.

*

பால் அட்கின்சன் பிறகு இசைத்தட்டு கம்பெனிகளில் புதிய குழுக்களைக் கண்டெடுக்கும் வேலையில் பெரிய பெயர் எடுத்தார். 2004 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவரைக் கௌரவிக்க ஒரு நிகழ்ச்சி. உடம்பு மிகவும் முடியாமல் இருந்தார். அன்று ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தார்கள். ஏப்ரலில் அவர் போய்விட்டார்.

2008 மார்ச்சில், ஆல்பத்தின் நாற்பதாவது ஆண்டுக்கு, மிச்சமிருந்த நால்வரும் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் வாசித்தார்கள். அதற்கு முன் அது மேடையில் முழுதாக ஒலித்ததே இல்லை. தட்டில் இருக்கும் ஒவ்வொரு சுரமும் மேடையில் கேட்க வேண்டும் என்பது ஆர்ஜென்ட்டின் பிடிவாதம். ஒட்டுப்பதிவாகச் சேர்த்த குரல்களுக்கெல்லாம் கூடுதலாக ஆட்களைப் போட்டுப் பாடவைத்தார்கள். அறுபதைத் தாண்டிய பிளன்ஸ்டோன் அந்த உச்ச சுரங்களை அதே சுருதியில் பிடித்தார். அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், வயது குரலில் கொஞ்சம் மணலைச் சேர்த்திருக்கிறது, உயரத்தைக் குறைக்கவில்லை.

*

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாட்டை மோனோவில் கேளுங்கள். அதில் பித்தளை வாத்தியங்களைச் சேர்த்தது மோனோ கலவை செய்யும் நேரத்தில், நேரடியாக. தனித் தடத்தில் அவை இல்லை. அதனால் பழைய ஸ்டீரியோ தட்டில் அந்த ஒரு பாட்டு மட்டும் மோனோவையே இரண்டு பக்கமும் பிரித்துக் காட்டிய ஒட்டு வேலை. பிறகு வந்த உண்மையான ஸ்டீரியோ வடிவங்களில் பித்தளை வாத்தியங்கள் இருக்காது. இரண்டு நிமிடச் சொச்சம்தான் பாட்டு. கஷ்ட காலம் முடிந்தது, இது நம்முடைய வருஷம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார். அந்த டிரம்பெட்டுகள் இல்லாமல் அந்த நம்பிக்கை பாதிதான் வருகிறது.

ஆல்பம் முடிந்ததும் அதே ருசியில் இன்னும் வேண்டும் என்று தோன்றினால், 1971இல் பிளன்ஸ்டோன் தனியாக வெளியிட்ட ‘ஒன் இயர்’ இருக்கிறது. இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு அவர் பாடவந்த பிறகு செய்தது. தயாரிப்பு ராட் ஆர்ஜென்ட், கிறிஸ் ஒயிட். இந்தத் தடவை நிஜமான வயலின்கள்.